வெள்ளிப்பூண் பிரம்பு

நெடுங்கரட்டூர் ஜமீன்தாரிடம் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு ஒன்று இருந்தது. சாப்பிடும்போதுகூட அதைக் கீழே வைக்கமாட்டார். ஒருநாள் மருதாயி என்ற குரங்காட்டியை அரண்மனைக்கு அழைத்து வேடிக்கை காட்டச் சொன்னார். அவரைப் பார்த்ததும் அவளுடைய குரங்கு செவந்தி முப்பத்திரண்டு பல்லும் தெரிய வாயை விரித்தது. குரங்குக்கும் நமக்கும் பல்லின் எண்ணிக்கை ஒன்றுதான்.

முக சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்த சபேசப் பண்டிதர் எழுந்தார்.

"மகாராஜா, இது ஆனந்தச் சிரிப்பு! இனி தங்களைப் பிரிந்தால் இது உயிர் தரிக்காது."

"அப்படியானால் இங்கேயே இருக்கட்டும்" என்றார் ஜமீன்தார்.

மருதாயிக்குப் பிழைப்பே அந்தக் குரங்குதான். "சாமி, குரங்கு பயந்தா இப்படித்தான் பல்லைக் காட்டும். இது சிரிப்பில்லீங்க" என்றாள்.

"பண்டிதரைவிட நீ படித்தவளோ? நிரூபித்துக் காட்டு. முடியாவிட்டால் குரங்கு எனக்கு."

"அப்ப அந்தப் பிரம்பைக் கொஞ்சம் வெளியே கொடுத்தனுப்புங்க சாமி."

பிரம்பு வாசலைத் தாண்டியது. செவந்தி வாயை மூடிக்கொண்டு மருதாயியின் தோளில் ஏறி, நிதானமாகப் பேன் பார்க்க ஆரம்பித்தது.

"இதுதாங்க அதோட சந்தோஷ முகம்."

ஜமீன்தார் தற்செயலாகச் சபையைப் பார்த்தார். பத்து வருஷமாக மலர்ந்தே இருந்த முகங்கள் அலுப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. திவான் கொட்டாவி விட்டார்.

அவர் பிரம்பைத் திரும்ப வரவழைத்தார். குரங்கு பல்லைக் காட்டியது. சபையும் காட்டியது. எல்லோரையும்விட அகலமாகக் காட்டியவர் பண்டிதர்.

"குரங்கைக் கூட்டிக்கொண்டு போ அம்மா" என்றார் ஜமீன்தார். "இங்கே ஏற்கெனவே நிறைய இருக்கிறது."