வெள்ளை டைல்ஸில் ஒரு சொட்டு

பேராசிரியர் திருவேங்கடத்துக்கு அறுபத்து மூன்றாம் வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவின் பெயர் பூங்கொடி. வயது முப்பத்தாறு. கோவை சிங்காநல்லூரில் பழைய கார்களுக்கென்றே ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்.

முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்திய பேராசிரியர், ஓய்வு பெற்ற கையோடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருஷத்துப் பச்சைக் கார் ஒன்றை ஆசைக்கு வாங்கினார். வாங்கிய அன்றே மனைவி ரங்கநாயகிக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்.

"விஜயதசமி அன்னிக்கு இதுல உன்னை உடுமலைக்குக் கூட்டிட்டுப் போறேன். உன் தங்கச்சி வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தறேன்."

ரங்கநாயகி அப்போதே தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் கண்டதெல்லாம் டவுன் பஸ்ஸும், ஸ்கூட்டரின் பின் சீட்டும்தான். எனவே அந்த வாக்கை அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வண்டி வேலை கற்றுக்கொள்ள, பேராசிரியர் செவ்வாய்தோறும் பூங்கொடியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். முதல் நாளே "குருவே" என்று கும்பிட்டார்.

"சும்மா பேர் சொல்லிக் கூப்புடுங்க சார்."

"எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுது அம்மிணி. அப்ப நீதானே குரு?"

"சரிங்க. அப்படின்னா அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுங்க."

சீடர் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தார்.

வண்டி வேலையில் அவர் கற்றது கொஞ்சம். வீட்டுக் கார் ஷெட்டை ஜோடித்ததுதான் அதிகம். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தார். துவைக்கிற கல்லைப் பெயர்த்தார். ஒரு சுவருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். இன்னொரு சுவரில் பலகை மாட்டி, ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதனதன் உருவத்தைக் கோடு போட்டு வரைந்து ஆணி அடித்தார். கண்ணாடி அலமாரியில் அறுபது பொம்மைக் கார்கள் வரிசையாக நின்றன. கூரை ஓரமெங்கும் சின்னச் சின்ன விளக்குகள்.

தரைக்கு மட்டும் பளீரென்ற வெள்ளை டைல்ஸ்.

டைல்ஸ் ஒட்ட வந்தவர் தலையைச் சொறிந்தார். "கார் நிக்கிற எடத்துல வெள்ளை வேண்டாமுங்க சார். கறையாகும்."

பேராசிரியர் அவருக்கு ஒளிப் பிரதிபலிப்பைப் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். டைல்ஸ்காரர் பேச்சை நிறுத்தி வேலையைப் பார்த்தார். வேறென்ன செய்வார்?

ஷெட் முடிந்தது. பச்சைக் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். விளக்கைப் போட்டதும் பேராசிரியருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், வெள்ளைத் தரையில் கறுப்பாக ஒரு சொட்டு. துடைத்தார். மாலையில் இன்னொன்று. குருவை வீட்டுக்கு வரவழைத்தார்.

பூங்கொடி குனிந்து பார்த்தார். "ஆயில் சீல் மாத்தினா குறையுங்க. ஆனா அறுபது வருஷத்து இஞ்சின். ஒண்ணு ரெண்டு சொட்டு விடத்தான் செய்யும்."

"குருவே, இந்தத் தரையில ஒரு சொட்டுகூட விழக்கூடாது. அதுக்கு வழி இருக்கா, இல்லையா?"

"இருக்குதுங்க."

குரு ஒரு பழைய பேசினைக் கேட்டு வாங்கி, காரடியில் படுத்து, ஒரு போல்ட்டைக் கழற்றினார். கறுப்பு எண்ணெய் கொழகொழவென்று பேசினில் இறங்கியது. கடைசிச் சொட்டுவரை பொறுமையாகக் காத்திருந்து, போல்ட்டை மாட்டிவிட்டு எழுந்தார்.

"இனி விழாதுங்க."

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். "அட, இதுவும் நல்ல யோசனைதான். உடுமலைக்குப் போறப்ப திரும்ப ஊத்திக்கலாம்."

"ஊத்திக்கலாங்க. ஆயில் இல்லாம யாராவது ஸ்டார்ட் பண்ணினா இஞ்சின் போயிரும். அதனால சாவி எங்கிட்ட இருக்கட்டும். வேணுங்கறப்ப கேளுங்க."

"வெச்சுக்கோ அம்மிணி."

மறுநாள் நவராத்திரி தொடங்கியது. ரங்கநாயகி கூடத்தில் கொலு வைத்தார். சுண்டலுக்கு வந்த பெண்களையெல்லாம் பேராசிரியர் விடாமல் ஷெட்டுக்கும் அழைத்துப் போனார். வாசலில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவர் மிதந்தார்.

ரங்கநாயகி மட்டும் கேட்டார். "என் கொலு ஒன்பது நாளைக்கு. உங்க கொலு எத்தனை நாளைக்குங்க?"

அது பேராசிரியர் காதில் விழவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ரங்கநாயகி கோலப்பொடியோடு ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"இங்க வேண்டாம் ரங்கா. பொடி டைல்ஸ் இடுக்குல போய் உக்காந்துக்கும்."

"பூஜைக்குக்கூடக் கோலம் வேண்டாமா?"

"வெளியில போடேன்."

ரங்கநாயகி வெளியே போய்க் கோலத்துக்குப் புள்ளி வைத்தார். காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்தின் முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் நகர்ந்தால்தானே பழம் நசுங்கும்? நாலு பழமும் முழுசாகவே கிடந்தன.

மறுநாள் காலை விஜயதசமி. முந்தின ராத்திரி மழை பெய்து தெருவெல்லாம் சேறு. நசுங்காத நாலு பழத்தையும் ரங்கநாயகி வீணாக்காமல் கழுவிப் பிழிந்து சாதம் கலந்தார். பட்டுப்புடவை கட்டி, டிபன் கேரியரும் கையுமாக வந்து நின்றார்.

பேராசிரியர் மெல்ல ஆரம்பித்தார். "ரோடெல்லாம் சேறா இருக்கு. போயிட்டு வந்தா டயர் பூரா மண்ணு. ஆயில் ஊத்தினா மறுபடியும் சொட்டும். பேசாம டாக்ஸி சொல்லிரலாமா?"

ரங்கநாயகி அவரையே பார்த்தார். பிறகு நேராக ஷெட்டுக்குள் போய், கார் கதவைத் திறந்து, முன் சீட்டில் உட்கார்ந்து, டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன பண்ற ரங்கா?"

"கார்ல வரேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கேன். கார்ல ஏறிட்டேன். நீங்க எப்ப எடுக்கறீங்களோ எடுங்க."

"இப்ப எடுக்க முடியாதே."

"அவசரமில்ல. சாப்பாடு இருக்கு."

பேராசிரியர் ஷெட்டின் நடுவில் நின்றார். அத்தனை விளக்குகளும் எரிந்தன. பச்சைக் காருக்குள், தலை நிறையப் பூவோடு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தபடி ரங்கநாயகி உட்கார்ந்திருந்தார். கொலுப் பொம்மை மாதிரியே இருந்தது. பேராசிரியர் வெளியே வந்து குருவுக்குப் போன் போட்டார்.

"அம்மிணி, நான் எங்க தப்பு பண்ணினேன்?"

"வாரேனுங்க."

அரை மணியில் பூங்கொடி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முன்னால் ஆயில் டின் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, டின்னைச் சீடரின் கையில் கொடுத்தார்.

"ஊத்துங்க."

ஊற்றினார். குரு அளவு பார்த்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அதில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"நேத்து எங்க ஒர்க்‌ஷாப் பூஜையில வெச்சேனுங்க. கேப்பீங்க, கேப்பீங்கன்னு ஒன்பது நாளாப் பார்த்தேன்."

பேராசிரியர் வெட்கப்பட்டார். தலை குனிந்தபடி சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கார் மூன்று முறை இருமி, நாலாவது முறை கிளம்பிவிட்டது. அறுபது பொம்மைக் கார்களும் கண்ணாடி அலமாரியில் கிடுகிடுவென்று ஆடின. ரங்கநாயகி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பேராசிரியர் பார்த்து வெகு நாளாயிற்று.

வண்டி மெல்லப் பின்வாங்கி வாசல் தாண்டியது. பேராசிரியர் பழக்க தோஷத்தில் ஷெட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கார் நின்ற இடத்தில், வெள்ளை டைல்ஸின் நட்ட நடுவில், கறுப்பாக ஒரு சொட்டு.

காரை நிறுத்தினார். மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார்.

ரங்கநாயகி ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

சீடர் துணியும் கையுமாகச் சொட்டுக்கு முன்னால் நின்றார். ஒரு பக்கம் ஹாரன். ஒரு பக்கம் கறை.

"குருவே, இதை நான் என்னதான் பண்றது?"

பூங்கொடி அவர் கையிலிருந்த துணியை வாங்கி, எண்ணெய் படிந்த தன் இரண்டு கையையும் நிதானமாகத் துடைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்தார்.

"விடுங்க சார். ஒரு புள்ளி விழுந்திருக்குது. தெனமும் ஓட்டிட்டு வந்து நிறுத்துங்க, இன்னும் நாலு வரிசை விழட்டும். அம்மா கோலம் போட்டுக்குவாங்க."