மிராசுதாரின் வெற்றிலைப் பெட்டி

மிராசுதார் வைத்தியலிங்கம், தான் இனிப்பே தொடாத விரதம் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சம்பந்தி வீட்டார் வந்த அன்று பார்த்து, அவர் முற்றத்தில் குளவியும் தேனீயும் மொய்த்தன.

"புகை போடாதே, ஒன்றையும் கொல்லாதே. ஒரு நாழிகைக்குள் எல்லாம் போகணும். இல்லேன்னா நீ போகணும்!" என்று முற்றம் பெருக்கும் செங்கமலத்திடம் கத்தினார்.

குளவிகள் எதைச் சுற்றுகின்றன என்று அவள் பார்த்தாள். சட்டென்று திண்ணையில் இருந்த அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு ஓடினாள். அத்தனையும் கும்பலாகப் பின்னால் பறந்தன!

"ஐயோ, என் பெட்டி!" என்று மிராசுதார் துரத்தினார். சம்பந்திகளும் ஓடினார்கள்.

மாமரத்தடியில் செங்கமலம் பெட்டியைத் திறந்து வைத்து விலகினாள். உள்ளே தேனில் ஊறிய பலாச்சுளைகள்!

"முற்றம் சுத்தமாயிடுச்சுங்க. ஐயா விரதம்னு இதுங்களுக்கு யாரும் சொல்லலை போல."

சம்பந்தியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். செங்கமலத்தின் வேலை போகவில்லை. அனுப்பினால், ஏன் அனுப்பினார் என்று ஊர் கேட்குமே!