ஏரியை அழைத்த வீடு

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் வந்தது. சளப். சற்றுப் பொறுத்து மறுபடியும், சளப். பசு தன் கன்றை நக்குவதுபோல் யாரோ தரைக்கு அடியிலிருந்து வீட்டை நக்கிப் பார்த்தார்கள்.

அருளாயி தூளியிலிருந்த குழந்தையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். கணவன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். கதவைச் சாத்தலாம், தாழிட முடியாது. அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாளே இல்லை.

தாமரைவாய் என்ற அந்த ஏரிக்கரை ஊரில் தாழ்ப்பாள்தான் அனுமதி. முறைப்படி எழுந்த வீட்டுக்கு ஊர்மன்றமே ஒரு பித்தளைத் தாழ்ப்பாளைத் தந்து வாழ்த்தும். முறை தவறிய வீட்டின் கதவை மன்றத்தார் எந்நேரமும் தள்ளித் திறக்கலாம். மனம் வைத்தால் வீட்டையே இடிக்கலாம்.

முறை எதுவென்று ஊர் முகப்பில் ஒரு கல் சொல்லும். முன்பொரு பெருவெள்ளம் கரையோரத்து வீடுகளை வாரிக்கொண்டு போனபின், மன்றத் தலைவி வேதநாயகி வெட்டுவித்த கல் அது: ‘ஏரியோரம் கட்டுவோர் வெளிமண் கொட்டித் தம் மனையைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துக. அதன்மேல் கட்டுக.’ இனி ஒரு வீடும் போகக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுதியதுதான்.

பக்கத்து மனைக்காரர் மாசிலாமணி கல் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தார். அவருடைய மனை, மழைக்காலத்தில் ஏரி கால் நீட்டிப் படுக்கும் பள்ளம். மலையடிவாரத்துச் செம்மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அதைத் தூர்த்தார். அவருக்கு முன்னே கரையோரம் கட்டியவர்களும் அப்படித்தான் தூர்த்திருந்தார்கள். எல்லார் கதவிலும் பித்தளை மின்னியது.

அருளாயிக்கு வண்டி வைக்க வழியில்லை. கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது அதன் நடுவயிற்றில் இறங்கி, வண்டலை வெட்டிக் கூடை கூடையாகச் சுமந்தாள். அதுதான் அவள் சுவர். மனையை இருந்தபடியே விட்டாள். கல்தூண்களை நட்டு, பனஞ்சட்டம் பரப்பி, அதன்மேல் வீட்டை உட்கார்த்தினாள். வீட்டுக்கு அடியில் ஓர் ஆடு நிமிர்ந்து நடந்து போகும்.

மாசிலாமணி தன் மதிலில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “ஏம்மா, வீடு கட்டுறியா, அடுப்புக் கட்டுறியா?”

“அடுப்பு நெருப்பையே தாங்குது அண்ணே, ஈரத்தைத் தாங்காதா?” என்றாள் அருளாயி. வாய்தான் அப்படிச் சொன்னது. கை அன்று மாலையே ஒவ்வொரு தூணையும் அசைத்துப் பார்த்தது.

பகலெல்லாம் கொட்டிய மழை இந்த இரவில் விட்டிருந்தது. அவள் பலகை இடுக்கில் குனிந்து பார்த்தாள். நிலா வீட்டுக்கு அடியில் கிடந்தது. அதைச் சுற்றி ஏரி, சளப், சளப் என்று தூண்களைத் தடவிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் மண்சுவர் கரையத் தொடங்கும். வீடு ஒரு தோணியாகிக் குழந்தையோடு எங்கோ மிதந்து போவதுபோல் அவளுக்குத் தோன்றியது. குழந்தையோ தூக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தது. தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை.

விடிந்தபோது ஊர் நடுவே இருந்த தேரடித் தெருவில் முழங்காலளவு தண்ணீர். அந்தப் பெருவெள்ளத்தில்கூட அங்கே நனைந்ததில்லை. இப்போது பெய்ததோ அந்த வெள்ளத்து மழையில் பாதிகூட இல்லை. ஊர் கொதித்தது. எந்த வீடு ஏரியை உள்ளே அழைத்ததோ அந்த வீடு பொழுது சாய்வதற்குள் இடிந்து இறங்க வேண்டும் என்று மன்றம் முடிவு செய்தது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் மாசிலாமணி. “கல்லை மீறினவ அவ. ஏரி வயித்தைக் கிழிச்சு மண்ணெடுத்தா. ஏரி சும்மா விடுமா?”

“எடுத்ததை ஒளிக்கலையே அண்ணே. சுவரா நிக்குது, எல்லாரும் பார்க்கிறீங்க.” குழந்தையை இறுக்கியபடி அருளாயி வேதநாயகியைப் பார்த்தாள். “அம்மா, இந்த வீடு போனா இவனைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே போவேன்?”

கூட்டத்தில் ஒருவன், “அப்போ வண்டி வண்டியா மண்ணைக் கொட்டினவர்?” என்று முனகினான். மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. “கொட்டச் சொன்னாங்க, கொட்டினேன். சொன்னபடி கேட்டதுக்கு இப்போ தண்டனையா?”

எல்லார் பார்வையும் வேதநாயகியிடம் திரும்பியது. அவர் பாதி மூழ்கியிருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் பேச்சைக் கேட்டவர் ஒருத்தர், கேட்காதவள் ஒருத்தி. தண்ணி மட்டும் ரெண்டு பேரையும் கேட்காம வந்திருக்கு” என்றார்.

சட்டம் எழுதியவர், சட்டப்படி நடந்தவர், சட்டத்தை மீறியவள். இந்த மூவரில் ஏரியை ஊருக்குள் அழைத்தது யார்? இறங்க வேண்டியது எது?

விடை இதுதான். எத்தனை பெரிதானாலும் ஏரி ஒரு குடம். நிறைந்த குடத்தில் கல்லைப் போட்டால் வழியும்; ஒரு கை அள்ளினால் வழியாது. அருளாயி அள்ளினாள். அவள் சுவரில் இருந்த மண்ணளவுக்கு ஏரியில் இடம் கிடைத்தது, அவள் தூண்களுக்கிடையே தண்ணீர் தங்கவும் முடிந்தது. அவளால் ஏரி ஒரு விரல்கூட ஏறவில்லை. மாசிலாமணியும் மற்றவர்களும் ஏரி கால் நீட்டும் இடத்தில் மண்ணைப் போட்டார்கள். கால் தெருவுக்கு நீண்டது. ஆனால் போடச் சொன்னது கல். ஆகவே இறங்க வேண்டியது வீடல்ல, கல். வேதநாயகி அன்றைக்கே அதைப் பெயர்த்து வேறு வெட்டச் சொன்னார்: ‘மனையை உயர்த்த விரும்புவோர் ஏரியின் வண்டலை எடுத்து, ஏரி படுக்காத இடத்தில் உயர்த்துக. ஏரி படுக்கும் இடத்தில் தூண்மேல் கட்டுக.’ ஏற்கெனவே தூர்த்தவர்கள், போட்ட அளவுக்கு ஏரியிலிருந்து மண் அள்ள வேண்டும். மாசிலாமணி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆனால் மறுநாள் அருளாயியின் கதவில் தாழ்ப்பாளை அறைந்து கொடுத்தவரும் அவர்தான். “அடுப்புக்குக் கதவு எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இருட்டியதும் தரைக்கு அடியில் சளப் என்றது. இந்த முறை அருளாயி குழந்தையைத் தூளியிலேயே விட்டுவிட்டு எழுந்து போய், உள்ளிருந்து தாழிட்டாள்.