படிக்கத் தெரியாத முத்திரை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டால் தயங்கத்தான் செய்வேன். இதைச் சொன்னது நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தின் வட்ட முத்திரை. முன்னால் நீட்டியதையெல்லாம் உண்மை என்று அத்தாட்சி கொடுத்தே காலம் தள்ளிய ஒன்றின் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

அந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்த இசக்கியம்மாள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவித்தொகையோடு மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். உதவித்தொகை இல்லையென்றால் படிப்பும் இல்லை. அதற்கு இரண்டு தேவைப்பட்டன: எல்லாப் பருவத்து மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட், துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம். இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை வைத்துத் தருவார்கள். கூரியர் மூன்று மணிக்கு. அன்றுதான் கடைசி நாள்.

கடிதம் கேட்டபோது துறைத்தலைவர் குலசேகரன், தம் பதவியில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லியிருந்தார்: "நீயே எழுதிக்கிட்டு வாம்மா. கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

தன்னைத் தானே புகழ்வது எப்படி என்று அந்தக் கல்லூரியில் யாரும் பாடம் நடத்தவில்லை. அவள் நடந்ததை எழுதிக்கொண்டு வந்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிய பிறகுதான் கண் தாளில் விழுந்தது.

"என்னம்மா இது? மூணாவது செமஸ்டர்ல கணக்குல அரியர் வச்ச பிள்ளைன்னு நானே சொல்லுத மாதிரி எழுதியிருக்கே?"

"டிரான்ஸ்கிரிப்ட்லயே இருக்கே சார்."

"இருந்தா? வீடு பாக்க வந்தவன்கிட்ட எவனாவது கூரை ஒழுகுதுன்னு சொல்லுவானா?"

கணினியில் தயாராக இருந்த கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி, அச்செடுத்து, அதிலும் கையெழுத்துப் போட்டார். "புதுசுல சீல் வாங்கிக்க. பழசைக் கிழிச்சுப் போடச் சொல்லு."

அலுவலகத்தில் எழுத்தர் சுயம்புலிங்கம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தார். "அஞ்சு நிமிசம் இரு தாயி" என்று டிரான்ஸ்கிரிப்டையும் இரண்டு கடிதங்களையும் வாங்கி, எதைக் கிழிக்க வேண்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மேசையில் வைத்தார். அஞ்சு நிமிடம் அரைமணி ஆனது. அந்த அரைமணியில்தான் பேச்சு நடந்தது.

"தள்ளிப் படு" என்றது தயார்க் கடிதம், டிரான்ஸ்கிரிப்டிடம். "உன் அரியர் என்மேல ஒட்டிக்கிடப் போவுது."

"நீ யாருப்பா?"

"என்னைத் தெரியாதா? 'என் முப்பதாண்டுப் பணியில் இவரைப் போன்ற மாணவரைக் கண்டதில்லை.' அதான் நான். இதுவரைக்கும் நாப்பத்தோரு பேருக்குப் போயிருக்கேன்."

"நாப்பத்தோரு தடவையும் கண்டதில்லையா? உங்க சாரு கண்ணு டாக்டரைப் பாக்கலாமே."

"பொறாமைப்படாதே. 'தோல்வி என்பதையே அறியாதவர்'னு அடுத்த வரியில வேற இருக்கு."

டிரான்ஸ்கிரிப்ட் திடுக்கிட்டது. "அடப்பாவி! என் ரெண்டாம் பக்கத்தைப் பாரு. கணிதம், இருபத்தொன்பது, தோல்வி. ரெண்டு பேரும் ஒரே கவர்ல போனா, நீ புளுகுனதை நானே காட்டிக் குடுத்துருவேன். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஏது சீட்டு?"

"நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வரணும்."

"எனக்கு ஏது வாய்? எண்ணுதானே இருக்கு."

அடியில் கிடந்த, இசக்கியம்மாள் எழுதிய தாள் மெதுவாகப் பேசியது. "அந்த இருபத்தொன்பதுக்குப் பொறவு நடந்தது என்கிட்ட இருக்கு. அடுத்த வருசம் ஜூனியர் பிள்ளைகளோட கடைசி பெஞ்சுல உக்காந்து பாடத்தை முதல்லேருந்து கேட்டா. 'அக்கா இன்னும் போகலியா'ன்னு சிரிச்சாங்க. தொண்ணூத்தொண்ணு எடுத்தா. லேப்ல கெடந்த ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிபண்ணினா. மூணு தடவை கெடுத்ததுக்கு அப்புறம்."

"கெடுத்ததையுமா சொல்லுவாங்க?" என்று சிரித்தது தயார்க் கடிதம். "குப்பைக்குப் போறது சத்தம் போடாமப் போகணும்."

டிரான்ஸ்கிரிப்ட் முத்திரையைப் பார்த்தது. "அய்யா, நீங்கதான் பெரியவர். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றது முத்திரை, பெருமையாக. "அதனாலதான் முப்பத்தெட்டு வருசமா இந்த மேசையில இருக்கேன். படிக்கத் தெரிஞ்ச முத்திரையை எந்த ஆபீஸ்ல வச்சுக்கிடுவான்?"

சுயம்புலிங்கம் கைகழுவிவிட்டு வந்தார். எதிலும் அழுத்துவதற்கு முன் ஒரு வேண்டாத தாளில் அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். கிழிக்க வேண்டிய தாளை எடுத்தார். கையெழுத்தைக் கண்டால் அதன் பக்கத்தில் போய்ப் பழகிய கை, அங்கேயே அழுத்தியது. கல்லூரி தொடங்கிய ஆண்டுகூட வாசிக்கும்படி பளிச்சென்று விழுந்தது.

அடுத்து தயார்க் கடிதம். பாதி நிலா விழுந்தது. மறுபடி அழுத்தினார். கால் நிலா. மூன்றாவது தடவை அமாவாசை.

"சனியன், மை காஞ்சுபோச்சு."

"சார், மணி ரெண்டே முக்கால்" என்றாள் சன்னலுக்கு வெளியே நின்ற இசக்கியம்மாள்.

சுயம்புலிங்கம் இரண்டு தாள்களையும் பார்த்தார். இரண்டிலும் கையெழுத்து இருந்தது. ஒன்றில்தான் முத்திரை சரியாக இருந்தது. அப்படியென்றால் அதுதான் கடிதம். அலுவலகத்தில் இதற்கு மேல் ஒரு ஆராய்ச்சி கிடையாது. முப்பதாண்டுப் பணியில் காணாத மாணவரைக் கசக்கிக் கூடையில் போட்டார். மற்றதை டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்து உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை வைத்தார். அது பளிச்சென்று விழுந்தது.

உள்ளே எது போகிறது என்று தெரியாமலே அவள் உறையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

நான்கு மாதம் கழித்து அல்வாப் பொட்டலத்தோடு வந்தாள். "ஸ்காலர்ஷிப்போட சீட்டு கிடைச்சிருச்சு சார். தோத்ததையும் சேத்துச் சொன்ன கடிதம் இந்த வருசம் உங்களது ஒண்ணுதான்னு எழுதியிருக்காங்க."

குலசேகரன் ஒரு நொடி விழித்தார். பிறகு அல்வாவை விண்டு வாயில் போட்டுக்கொண்டார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, உள்ளதை எழுதும்மான்னு."

இப்போது எல்லாம் இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். முத்திரை ஒரு இழுப்பறையில், துருப்பிடித்த குண்டூசிகளோடு கிடக்கிறது. எப்போது கேட்டாலும் இதே கதையை இதே வரிசையில் சொல்லும். மை காய்ந்துவிட்டது, தற்செயல், தனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிக்கும். போன வாரம் அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். இத்தனை வருடமும் கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

"முதல் தாளில் தெளிவாக விழுந்தீர்கள். உறையின் மேலும் தெளிவாக விழுந்தீர்கள். நடுவில் அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் மை இல்லாமல் போனது. உண்மையைச் சொல்லுங்கள் அய்யா, உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே?"