குங்குமச் சிவப்பு மானிட்டர்

ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருந்த ஏகாம்பரம், தன்னைப்போல நிறம் பார்க்கத் தெரிந்தவன் ஊரிலேயே இல்லை என்று மார்தட்டுவார். ஆன்லைன் விற்பனையைக் கவனிக்கும் தவச்செல்வியின் லேப்டாப்புக்குப் பெரிய மானிட்டர் ஒன்று வாங்கித்தரச் சம்மதித்தவர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"கடையில தெரியுற கலர் அப்படியே மானிட்டர்ல தெரியணும். தெரியலேன்னா உனக்கு இங்க வேலையும் கிடையாது."

தவச்செல்வி ஒரு புடவையை மொட்டைமாடி வெயிலில் விரித்துப் படமெடுத்தாள். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகக் கம்ப்யூட்டர் கடையில் சொல்லி மூன்று மானிட்டர்களை வாங்கிவந்து, மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினாள். மூன்றிலும் புடவை செங்கல் நிறத்தில் தெரிந்தது. கடை விளக்கின் கீழோ அதே புடவை குங்குமமாக ஜொலித்தது.

கல்யாண ஜவுளி எடுக்க வந்த கூட்டத்தின் முன்னாலேயே ஏகாம்பரம் எகிறினார். "குங்குமச் சிவப்பைச் செங்கல்லுன்னு காட்டுது! இதெல்லாம் ஒரு மானிட்டரா? நீயெல்லாம் ஒரு ஆளா?"

தவச்செல்வி பதறவில்லை. "மானிட்டரே வேண்டாம் முதலாளி. பார்சலுக்கு ஒண்ணா நம்ம கடை லைட்டை வச்சு அனுப்பிடலாம்."

"லைட்டு எதுக்கு?"

"வீட்டுல போய்ப் பிரிச்சாலும் குங்குமமாத் தெரியணுமே!"

கல்யாணப் பெண்ணின் அம்மா, எடுத்துவைத்த முகூர்த்தப் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்தைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னாலேயே கூட்டம் மொத்தமும் ஆளுக்கொரு புடவையோடு கிளம்பியது.

"மூணுமே நல்ல மானிட்டர்தாம்மா!" என்று தவச்செல்வியிடம் பதறினார் ஏகாம்பரம். "இருக்கறதுல பெரிசா ஒண்ணை எடுத்துக்க. முதல்ல ஓடிப்போய் அந்த வாசக் கதவைச் சாத்து!"