கரைப்பான் குடிவந்த வீடு

தோல் ஷூ தைக்கிற ஓர் ஊரில், பசை டப்பா ஒன்றுக்குள் ஒரு கரைப்பான் இருந்தது. பசையை இளக்கி வைத்திருப்பது அதன் வேலை. தோலில் பூசியதும் அது காற்றாகிப் பறந்துவிடும்; பசை மட்டும் ஒட்டி நிற்கும். பறந்த கரைப்பான் எங்கே போகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

கம்பெனி வண்டி அந்த டப்பாவைக் கிருபாவதியின் வீட்டில் இறக்கியது. ஷூவின் மேல்தோல் ஓரங்களில் பசை தடவி மடித்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. வீட்டில் இருந்தது ஒரே அறை. வேலையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். மகள் ஜெபா விளையாடுவதும் அங்கேதான்.

டப்பாவைத் திறந்ததும் முதலில் பதறியது கிருபாவதியின் மூக்கு.

"யார் நீ? உள்ளே வராதே" என்றது.

"பயப்படாதே" என்றது கரைப்பான். அதன் குரலில் லேசான இனிப்பு இருந்தது. "கொஞ்ச நாள் போனால் நான் இருப்பதே உனக்குத் தெரியாது."

மூக்கு சும்மா இருக்கவில்லை. தலைவலியைக் கூப்பிட்டு வந்து அவளை எழுப்பி வெளியே அனுப்பியது. வெளிக்காற்று பட்டதும் தலைவலி விட்டது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. என்னையாவது திறந்து வை என்று ஜன்னல் கெஞ்சியது. அவள் திறந்துதான் வைத்தாள். ஆனால் காற்றில் பசை மடிப்பதற்கு முன்பே காய்ந்தது. தெருப்புழுதி வேறு தோலில் ஒட்டியது. சரக்கை வேண்டாமென்று கம்பெனி திருப்பி அனுப்பியது. அதன்பிறகு ஜன்னல் சாத்தியே கிடந்தது.

மூக்கும் மெல்ல மெல்ல முறையிடுவதை நிறுத்தியது. வாசம் போய்விட்டது என்று சொன்னது. கிருபாவதியும் அதை நம்பினாள்.

கரைப்பான் எங்கும் போகவில்லை. அவள் இழுக்கும் மூச்சில் ஏறி, நெஞ்சுக்குள் இறங்கி, ரத்தத்தோடு கலந்து உடம்பெல்லாம் சுற்றியது. நரம்புகளிலே ரொம்ப நீளமானவை பாதத்துக்குப் போகிறவை. அவற்றின் நுனியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"தரை எங்கே போனது?" என்று கால் கட்டைவிரல் பக்கத்து விரலிடம் கேட்டது.

"எனக்கும் தெரியவில்லை. பஞ்சின் மேலா நிற்கிறோம்?"

"தலைக்குச் சேதி சொல்லி அனுப்புவோம்."

"அனுப்பிப் பாருங்கள்" என்றது கரைப்பான்.

விரல்கள் சேதி அனுப்பின. அது கணுக்காலைத் தாண்டவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பும்போது, பின்னால் வந்த பெண் ஒருத்தி கிருபாவதியைக் கூப்பிட்டு நிறுத்தினாள். கிருபாவதியின் செருப்பு ஒன்று வெகுதூரம் பின்னால் கிடந்தது. எப்போது கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். விரலால் அழுத்தினாள். வலிக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். அப்போதும் வலிக்கவில்லை.

மறுநாள் அவள் கணவன் தயாளன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், பாதம் அசையவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகுதான் என்ன வேலை செய்கிறாள் என்று விசாரித்தார். பசையில் இருக்கிற கரைப்பான் நரம்பைத் தின்கிறது என்றார். அதை விரட்ட மருந்து கிடையாது, அதன் பக்கமே போகாமல் இருப்பதுதான் வழி என்றார். விட்ட பிறகும் கொஞ்ச காலம் மோசமாகும், அப்புறம் மெதுவாக உணர்வு திரும்பலாம், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

கிருபாவதி அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுந்திருக்கும்போது டாக்டரம்மா இன்னொன்று கேட்டார்.

"ஏம்மா, அந்த ரூம்ல வேற யார் இருக்கா?"

கிருபாவதி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தயாளன்தான் சொன்னான், மகள் இருக்கிறாள் என்று. குழந்தையையும் உடனே கொண்டுவந்து காட்டச் சொன்னார் டாக்டரம்மா.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் தயாளன் நேரே உள்ளே போய் ஜன்னலைத் திறந்தான். பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

"நான் யாரையும் வெறுக்கவில்லையே" என்றது டப்பாவுக்குள்ளிருந்து கரைப்பான். "அவர்கள் மூச்சு விட்டார்கள். நான் போனேன். அவ்வளவுதானே?"

பக்கத்து வீட்டில் விட்டிருந்த ஜெபாவைக் கிருபாவதி கூட்டிவந்து எதிரே உட்காரவைத்தாள். மகளின் பாதத்தை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழந்தையின் உள்ளங்காலில் நகத்தால் கோடு இழுத்தாள்.

"அசைந்ததா?" என்று தன் கைவிரல்களைக் கேட்டாள்.

விரல்கள் பதில் சொல்லவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

"கூசுதும்மா" என்று ஜெபா சிரித்தாள்.

மடியில் அந்தச் சின்னப் பாதம் துள்ளிக்கொண்டிருந்தது. கிருபாவதிக்குச் சிரிப்புதான் கேட்டது. பாதத்தைப் பிடித்திருந்த அவள் கைவிரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. கரைப்பான் அங்கேயும் வந்திருந்தது.