காயாத சந்தன முத்திரை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது தூக்கத்தைப் பற்றிய கதை, கத்திச் சொன்னால் கலைந்துபோகும்.

முன்னொரு காலத்தில் பனையாற்று நாட்டை வில்லவராயர் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாகக் காதருகே பேசுகிறவர் பேச்சுதான் அவருக்கு வேதம். அவருடைய சேனாபதி மழுவனுக்கு மந்திரி ஆலாலர் மேல் தீராத பொறாமை. ராஜா பத்திரமாக இருக்கிறார் என்று காவல்காரனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருநாள் ராஜாவின் காதில் ஓதிவிட்டான். அன்று முதல் ராத்திரி நாழிகைக்கு ஒரு தரம் காவலன் ஜன்னலடியில் சேகண்டியைத் தட்டி, "மகாராஜா சுகமா?" என்பான். உள்ளேயிருந்து ராஜா, "சுகம், சுகம்" என்று குரல் கொடுக்க வேண்டும்.

சுகம் சொல்லிச் சொல்லியே ராஜா கெட்டுப்போனார். பகலெல்லாம் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி நடந்தார். பாலில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, விஷமோ என்று அழுதார். தூண் நிழல் நீண்டால் யாரோ நெருங்குகிறார்கள் என்பார். சபையில் ஒருவர் இருமினால், அது யாருக்குச் சைகை என்று கேட்பார். கடுகத்தனை கவலை அவர் கண்ணுக்குக் கோட்டை உயரம் தெரிந்தது. மழுவனுக்குக் கொண்டாட்டம், அவன் சொன்னதெல்லாம் நடந்தது.

ஒருநாள் சாயங்காலம் மேற்குப் பாதையில் புழுதி எழுந்ததை ராஜா மாடத்திலிருந்து பார்த்தார். பகைவன் படை வருகிறது என்று முடிவுகட்டிவிட்டார். மறுநாள் காலை சபையில் உத்தரவு பிறந்தது: கோட்டைக்கு வெளியே இருக்கிற வயலையெல்லாம் கொளுத்து, படைக்கு ஒரு மணி நெல்லும் கிடைக்கக் கூடாது. வயலிலோ கதிர் முற்றி, தலை சாய்ந்து நிற்கிறது. அது எரிந்தால் ஊருக்கு வருஷம் முழுக்கப் பட்டினி.

ஆலாலர் மெல்ல, "அது மேய்ச்சல் மாடு திரும்பிய புழுதி, மகாராஜா" என்றார்.

ராஜா சிவந்த கண்ணால் அவரைப் பார்த்தார். "மாடு என்று சொல்லச் சொன்னது யார்?"

இந்தக் கண்ணோடு வாதாடிப் பயனில்லை என்று மந்திரிக்குப் புரிந்தது. உத்தரவு நியாயம்தான், முத்திரைக்கு நானே சந்தனம் அரைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாட்டில் வாய்ச்சொல் ஆணையாகாது. எழுதிய ஓலைமேல் சந்தனத்தை அப்பி, ராஜா மோதிரத்தைப் பதிக்க வேண்டும். அது ராஜாவின் மடியிலேயே இருந்து காய்ந்தால்தான் ஆணை. அதுவரை யாரும் பேசவும் கூடாது, ராஜாவை அசைக்கவும் கூடாது. அவசரத்தில் சொன்னது ஆறட்டும் என்று முன்னோர் வைத்த வழக்கம்.

ஆலாலர் தண்ணீரைத் தாராளமாக விட்டுக் கூழாக அரைத்தார். முத்திரை பதிந்ததும் மழுவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்போது காயும் என்று மந்திரியின் காதைக் கடித்தான். அவரும் கிசுகிசுப்பாகவே சொன்னார்:

"காற்றுப் பட்டால் சீக்கிரம் காயும், சேனாபதியாரே. நீர் பலசாலி, நீரே வீசுமேன்."

மழுவன் மயில்தோகை விசிறியைப் பிடுங்கிக்கொண்டு வீசினான். சந்தன வாசம் சபை முழுக்கப் பரவியது. பேச்சில்லை. தோகை மட்டும் மழை தூரத்தில் வருகிற மாதிரிச் சரசரத்தது. ராஜாவின் தலை ஒரு தரம் ஆடியது, நிமிர்ந்தது, பிறகு சிம்மாசனத்தில் சாய்ந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு. எந்த ஆற்றில் மிதந்தாரோ, எந்த நிலவில் நடந்தாரோ.

மழுவன் வியர்க்க வியர்க்க வீசினான். ஈ ஓட்டுகிற பாவனையில் ஆலாலர் அவ்வப்போது செம்பில் விரலை நனைத்து முத்திரைமேல் ஒரு சொட்டு விட்டார். உச்சி வெயில் வந்து போனது. சந்தனம் காயவில்லை.

பொழுது சாய்கிற நேரம் ராஜா கண் விழித்தார். மேற்கே புழுதி. மழுவன் ஆவலோடு அதைச் சுட்டிக் காட்டினான்.

ராஜா சாவதானமாகப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். "கழுத்துமணிச் சத்தம் வருதே. மாடுதானப்பா" என்றார். பிறகு மடியில் கிடந்த ஓலையைப் படித்தார். "இதையா நான் சொன்னேன்?"

"நீங்கள் சொல்லவில்லை மகாராஜா, உங்கள் தூக்கமின்மை சொன்னது" என்றார் ஆலாலர். "இன்று உங்களைத் தூங்க வைத்தவர் சேனாபதி. கை ஓயாமல் வீசினார்."

சபை வாய்பொத்திச் சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டு, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். இனி ஜன்னலடியில் சேகண்டி கிடையாது, அது சேனாபதி வீட்டு வாசலில் அடிக்கட்டும், சுகம் சொல்வது அவன் வேலை என்றார். மழுவன் விசிறியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றான்.

வயலை நினைத்துக் கவலையில் பகலெல்லாம் இமைகூடக் கொட்டாமல் இருந்த ஆலாலர், ஓலையிலிருந்த ஈரச் சந்தனத்தை விரலால் வழித்துத் தன் நெஞ்சில் பூசிக்கொண்டார். மேல்துண்டை, ராஜா பயந்த அதே தூணோரம் விரித்து, அந்த நீண்ட நிழலுக்குள்ளேயே படுத்துத் தூங்கிப்போனார்.